லாரித் தண்ணீர் குடித்த கடலைக்காடு

அண்ணா,

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காலையிலிருந்து பச்சைக் கடலைக்காய் வாசம். மண் ஒட்டிய காய், வெயில் ஏற ஏற இனிப்பும் புழுக்கமும் கலந்து மணக்கிறது. ஆசைப்பட்டு வாங்கிய காய் இல்லை; அரசாங்கத்துக் காய். முந்தாநாள் ஓர் ஊரில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்தோம். காட்டுக்குள் அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் நிற்கிற செடியை மட்டும் பிடுங்கி, காயை ஆய்ந்து, எடை போட்டு, அதில் ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டி என் கையில் கொடுத்துவிட்டார்கள். காய்ந்த பிறகு எவ்வளவு நிற்கிறது என்று மறுபடி எடை போட்டு நான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அணில் பொறுக்குமா? என் மனைவி குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் காவல் உட்கார்ந்திருக்கிறாள். ஊர் உலகத்தில் அதிகாரி வீட்டம்மாக்கள் எல்லாம் என்னென்னவோ செய்கிறார்களாம், நான் அணில் ஓட்டுகிறேன் என்று அரைமணிக்கு ஒருமுறை மாடியிலிருந்து அறிவிப்பு வருகிறது.

நம் மாவட்டத்துக் கடலை விளைச்சல் புள்ளிவிவரத்தில் எங்கள் மாடி அணிலுக்கும் ஒரு பங்குண்டு என்று நீங்கள் இருந்தபோது ஒருதரம் உங்களிடம் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. “அணிலுக்கே பயப்படற ஆளுகிட்டத்தானுங்களா எங்கூருத் தலையெழுத்தக் குடுத்து வெச்சிருக்குது?” என்று கேட்டீர்கள். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வாசத்துக்கு அது தெரியவில்லை.

எழுத உட்கார்ந்ததற்கு வாசம் மட்டும் காரணமில்லை. நேற்று உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே உங்கள் வீட்டுக்கார அக்கா ஒன்று சொன்னார். அதைச் சொல்வதற்கு முன்னால் மற்றதையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும். வரிசையாகப் பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதல்முதலாக எங்கள் டிப்போவுக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. வேளாண் விரிவாக்க மையம் என்று பெரிய பலகை வைத்திருந்தாலும் உங்களுக்கெல்லாம் அது அக்ரி டிப்போதான். வேரோடு பிடுங்கிய கடலைச் செடி ஒன்றைக் கோழியைத் தூக்குவதுபோலத் தலைகீழாகத் தூக்கி வந்து என் மேஜைமேல் போட்டீர்கள். இலை செழிப்பாக இருந்தது, கீழே காய் இல்லை. ஏன் என்று கேட்டீர்கள். ஜிப்சம் போட வேண்டும் என்றேன். போட்டாயிற்று என்றீர்கள். விதை நேர்த்தி? ஆயிற்று. களை? எடுத்தாயிற்று. என் கையில் இருந்த அறிவு அவ்வளவுதான்; தீர்ந்துபோனது. அப்படியென்றால் மழை பத்தவில்லை என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தேன்.

“மழை எந்த டிப்போவுலீங்க சார் குடுக்கறாங்க?” என்றீர்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது நம் சிநேகிதம். உதவி வேளாண் அலுவலர் ஒருவருக்கும் மழையை மட்டும் நம்புகிற மானாவாரி விவசாயி ஒருவருக்கும் இடையில் சண்டை போடுவதற்கு இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் என்னைச் சார் என்பீர்கள். கோபம் வந்தால் மட்டும் சாமி என்பீர்கள். அந்தச் சாமியை நான் மிகச் சில தடவைகளே கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் எண்ணி வைத்தமாதிரி நினைவிருக்கிறது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பன்னிரண்டு வருடம் வடக்கே சுற்றியவர் நீங்கள். ராஜஸ்தானத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் எத்தனையோ ஊருக்குப் போர் போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர். தண்ணீர் பீறிட்டதும் அந்த ஊர்ப் பெண்கள் உங்களுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டதாகச் சொல்வீர்கள். அந்த மாலைக் கதையை அக்கா நம்பியதேயில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, சேர்த்து வைத்ததில் சொந்தக் காட்டில் போர் போட்டீர்கள். ஆழம் போகப் போகப் புகைதான் வந்தது. பழைய கூட்டாளிகள்தான் ரிக்கை ஓட்டியவர்கள். நிறுத்திவிடலாம் என்று அவர்கள் சொல்லியும், இன்னொரு ராடு, இன்னொரு ராடு என்று இறக்கச் சொன்னீர்களாம். கடைசியில் அந்தக் குழிக்கு மூடி போட்டு, மேலே ஒரு கல்லை வைத்து, அதில் உட்கார்ந்துதான் எனக்கு எப்போதும் டீ கொடுப்பீர்கள்.

பருவநிலை மாற்றத்தைப் பற்றி எனக்குச் சேலத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். வளரும் நாடுகளில் பசி என்று ஒரு வகுப்பு. சாப்பாட்டுக்குப் பின்னால் வைத்திருந்ததால் அதில் பாதி எனக்குக் கனவில்தான் நடந்தது. போண்டா வந்தபோது விழித்துக்கொண்டேன். திரையில் ஒரு படம்: பாளம் பாளமாக வெடித்த தரை, நடுவில் குந்தியிருக்கும் கிழவர். அதைப் போனில் எடுத்துவந்து உங்களிடம் காட்டி, பாருங்கள், வறட்சி எப்படி இருக்கிறது என்று வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். நீங்கள் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தீர்கள்.

“இது களிமண்ணுங்க சார். ஏரிக்குள்ள போய் எடுத்திருக்கறாங்க. நம்ம செம்மண்ணு வெடிக்காதுங்க. இறுகிப் போயிரும். வெளிய இருந்து பாத்தா ஒன்னுந் தெரியாது.”

அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியில் அந்தப் படத்தைக் காட்டினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வெடிக்காத மண்ணைப் படம் பிடிப்பது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறேன்.

மழை மொத்தமாக ஏமாற்றிய அந்த வருடத்துக்கு வருகிறேன். ஆடியில் ஒரு மழை பெய்து எல்லாரையும் விதைக்க வைத்துவிட்டுப் போனது போனதுதான். கோடை உழவுக்கு ஒரு திட்டம், சிறுதானியத்துக்கு ஒரு திட்டம், வறட்சியைத் தாங்கும் ரகத்துக்கு ஒரு திட்டம் என்று நான் துண்டுப் பிரசுரங்களோடு வருவேன். “தாங்கறது பூராவும் நம்ம பக்கமேதானுங்களா?” என்று வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைப்பீர்கள். ஆனால் பயிர்க் காப்பீட்டை மட்டும் நீங்கள் நம்பினீர்கள். ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் காப்பீடு கட்டச் சொன்னவர் நீங்கள்தான். அந்தப் பெயரை மேலிடத்தில் நான் வாங்கிக்கொண்டேன்.

குத்தகைக் காட்டில் கடலை போட்டிருந்த பாவாயியைப் பயிர்க் கணக்குக்கு அடங்கல் வாங்க வைத்து, மனு எழுத வைத்து, கையோடு கூட்டிவந்தது மறக்கவில்லை. வீட்டுக்காரர் இறந்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்த பாவாயி. அந்த ஐப்பசியில் நான் உங்கள் ஊருக்கு வந்தபோது, அடுத்த பட்டத்துக்கு விதைக்காய் இருக்கிறதா என்று கடமைக்குக் கேட்டு வைத்தேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு.

“அரைச்சாச்சுங்க சார்” என்றார் பாவாயி.

எனக்குப் புரியவில்லை.

“ரேசன் அரிசி இருக்குதுங்க. சோத்துக்குப் பஞ்சமில்ல. தொட்டுக்கத்தான் ஒன்னுமில்ல. புள்ளைக எத்தன நாளைக்கு உப்பத் தொட்டுத் திங்கும்? விதைக்காய ஒடைச்சுச் சட்டினி அரைச்சுப் போட்டனுங்க. ஒரு மாசம் வந்துச்சு.”

விதையை அரைத்ததைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திருடியதை ஒப்புக்கொள்வதுபோல வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். நீங்கள் அந்தக் கல்லிலிருந்து எழுந்து, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற மாதிரி அக்கட்டால் போய்விட்டீர்கள். நான் படிவத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். சேலத்து வகுப்பில் சொன்ன பசி இதுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சோறு இருக்கிறது, ஆனால் அடுத்த வருடத்தை இந்த வருடமே தின்றாயிற்று. காப்பீட்டுத் தொகை வந்தால் பாவாயி விதை வாங்குவார். வராவிட்டால் அந்தக் காடு கைவிட்டுப் போகும். விஷயம் அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் பரிசோதனைக்குக் காடு தேர்ந்தெடுக்கும் பட்டியல் வந்தது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஊருக்கு நாலு காட்டை எடுக்கும். அந்த நாலு காட்டின் சராசரிதான் ஊருக்கே விளைச்சல். சராசரி குறைந்திருந்தால் காப்பீடு கட்டிய எல்லாருக்கும் கிடைக்கும், குறையவில்லை என்றால் ஒருவருக்கும் கிடைக்காது. நாலில் ஒன்று உங்கள் காடு.

இதை உங்களிடம் வந்து சொல்லும்போது நான் மூன்று விஷயம் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் வரும்வரை செடியைப் பிடுங்காதீர்கள். எப்போதும்போல விட்டு வையுங்கள். உங்கள் காட்டு எடைதான் ஊருக்கு எடை. நான் முதலாவதைச் சொன்னேன். மற்ற இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் நகைச்சுவை செய்தேன்.

“அண்ணா, உங்களுக்கு ராஜயோகந்தான். பெரிய பெரிய ஆபீசரெல்லாம் உங்க காட்டப் பாக்க வர்றாங்க. போட்டோப் புடிச்சு டில்லிக்கு அனுப்புவாங்க. சட்டைய இஸ்திரி போட்டு வெச்சுக்கோங்க.”

“சட்டை சரிங்க சார். காடு?”

“முடிஞ்சா காட்டையும் இஸ்திரி போட்டுருங்க.”

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நாமக்கல் போய்ச் சேரும்வரை வண்டியில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். வீட்டில் சொன்னேன், டிப்போவில் சொன்னேன். நல்ல ஜோக் என்று எனக்கே ஒரு மிதப்பு.

மூன்று வாரம் கழித்துப் புள்ளியியல் துறையிலிருந்து ஓர் அம்மாவும், காப்பீட்டு நிறுவனத்திலிருந்து போனில் படம் எடுக்க ஒருவரும், கயிறும் தராசும் தூக்கிக்கொண்டு நானும் வந்து இறங்கினோம். சுற்றிலும் காடெல்லாம் கரிந்து கிடந்தது. நடுவில் உங்கள் காடு மட்டும் பச்சையாக, அதுவும் எப்படிப்பட்ட பச்சை, கல்யாணப் பந்தலில் கட்டுகிற துணிப்பச்சையாக நின்றது. புள்ளியியல் அம்மா கூலிங்கிளாஸைக் கழற்றிப் பார்த்தார். நான் தூக்கி வந்த தராசைக் கீழே வைத்தேன்.

நீங்கள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றீர்கள். வரப்பெல்லாம் செதுக்கியிருந்தது. எங்களுக்கு இளநீர் சீவி வைத்திருந்தீர்கள். செடி பிடுங்க வந்த ஆட்களில் பாவாயியும் கூடையோடு உட்கார்ந்திருந்தார். பழைய ரிக் கூட்டாளியிடம் சொல்லி, வாரத்துக்கு இரண்டு லாரி டேங்கர் தண்ணீர் விட்டிருக்கிறீர்கள். டேங்கர் வருவதைப் பார்த்து ஊரே உங்கள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்ததாம். ஒருவர் பத்திரிகை ஏன் வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டதாகவும் கேள்வி.

உங்களை வேலாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

“என்னண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஏனுங், நல்லாத்தான இருக்குது? ஊட்டுக்கு ஆள் வர்றப்ப வாசக் கூட்டறதில்லீங்களா?”

அப்போதுதான் சொன்னேன். மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மற்ற மூன்று காட்டிலும் செடியே இல்லை, உங்களுடையது ஒன்றே சராசரியைத் தூக்கிவிடும் என்றேன். உங்கள் கண் பாவாயியின் கூடைமேல் போய் நின்றது.

“பாவாயிக்கும் வராதுங்களா?”

“யாருக்கும் வராதுங்ணா.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே, சாமி.”

சத்தம் போடவில்லை. சாமி என்றீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கிழக்கு மூலையில் தண்ணீர் சரியாக ஏறாமல் செடி இளைத்திருந்தது. சதுரம் விழ வேண்டிய இடத்தையும் கம்ப்யூட்டர்தான் சொல்லும். ஆனால் அடி அளந்து போகிறவன் நான். நாலு அடி கூடக் குறைய வைத்தால் கயிறு அந்த மூலைக்குப் போய்விடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இருபது வருட சர்வீஸில் நேர்மையாக இருந்தவன் என்று நானே என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்ப்பு வராததால் இருந்திருக்கிறேன் என்று அன்று தெரிந்தது.



“கயித்த நகத்துனா உங்க வேலைக்குக் கேடு. அப்பறம் டிப்போவுல சண்டை போட எனக்கு யாரு இருக்கறா?” என்று சொல்லிவிட்டு, நேரே புள்ளியியல் அம்மாவிடம் போனீர்கள்.

“ஏனுங்கம்மா, இது தண்ணி உட்ட காடுங்க. மானாவாரிக் கணக்குல சேராதுங்க.”

அந்த அம்மா ஆத்தூர்ப் பக்கம். விதியைப் புத்தகம் பார்க்காமல் சொல்லக்கூடியவர். பதிவேட்டில் மானாவாரி என்றுதானே இருக்கிறது என்றார். தண்ணீர் பாய்ச்சினேன் என்று எழுதிக் கொடுத்தால் இந்தக் காட்டைத் தள்ளிவிட்டு மாற்றுப் பட்டியலில் இருக்கிற அடுத்த காட்டை எடுக்கலாம் என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, “ஆனா ஒன்னு. மானாவாரின்னுதான் நீங்க காப்பீடு கட்டியிருக்கீங்க. எழுதிக் கொடுத்துட்டா ஊருக்கு வந்தாலும் உங்களுக்கு வராது. யோசிச்சுக்கங்க” என்றார்.

யோசிப்பீர்கள் என்று நான் எதிர்பார்த்தேன். நான் என்றால் இரண்டு நாள் அவகாசம் கேட்டிருப்பேன். நீங்கள் என் பேனாவைக் கேட்டீர்கள். என் வண்டி சீட்டின் மேல் தாளை வைத்து, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினீர்கள். அந்த வாசகம் எனக்கு மனப்பாடம்: ‘என் காட்டுக்கு நான் லாரித் தண்ணி விட்டேன். ஆபீசர் வருகிறார்கள் என்று விட்டேன். எங்கள் ஊரில் வேறு யாரும் விடவில்லை. யாரிடமும் தண்ணி இல்லை.’

அந்த அம்மா அதை இரண்டு தடவை படித்தார். கடைசி வரி விதிப்படி தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

மாற்றுக் காட்டுக்கு நடந்தோம். செடியை இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வந்தது. இருந்த ஒன்றிரண்டு காயும் இறுகிய மண்ணுக்குள்ளேயே நின்றுகொண்டது. பாவாயியும் மற்றவர்களும் கொத்தால் கொத்திக் கொத்தி எடுத்தார்கள். தட்டில் போட்டபோது தராசு அசைவதற்கே யோசித்தது. அந்த எடையைப் பார்த்து உள்ளுக்குள் நிம்மதிப்பட்ட அரசு ஊழியன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விளையாததற்கு நிம்மதிப்படுகிற வேலைக்கா படித்துவிட்டு வந்தோம் என்று திரும்பி வரும்போது தோன்றியது. உங்களிடம் சொன்னேன். நீங்கள் வெயிலில் சூடேறிப்போன இளநீரைக் கையில் கொடுத்தீர்கள்.

காப்பீடு வந்து சேர ஆன மாதங்களைப் பற்றி நான் பேசக்கூடாது, அதே துறையில் சம்பளம் வாங்குகிறவன். வந்தது. பாவாயி விதை வாங்கினார். உங்களுக்கு வந்தது டேங்கர்க்காரர் என்ற பட்டப்பெயர் மட்டும்தான். ஆபீசருக்குப் பகட்டுக் காட்டப்போய் மாட்டிக்கொண்டவர் என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். நீங்களும் கூடவே சிரித்தீர்கள். இஸ்திரி போடச் சொன்னது யார் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் அதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். காடு தள்ளுபடியானதற்கு அறிக்கை கேட்டார்கள். காரணம் என்ற இடத்தில் ‘விவசாயியின் அறியாமை’ என்று எழுதி அனுப்பினேன். நகல் என் மேஜையில் கிடந்தது. அடுத்த வாரம் ஜிப்சம் மூட்டைக்கு வந்த நீங்கள், நான் ரசீது போடுகிற நேரத்தில் அதைப் படித்திருக்கிறீர்கள்.

“எழுதுனது நெசந்தானுங்க சார். எனக்குத் தெரியலதான். கீழ கொஞ்சம் எடம் மிச்சமிருக்குதே, உங்களுதையும் ஒரு வரி சேத்திருக்கலாமுங்க” என்றீர்கள்.

பிறகு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்கப்புறம் எத்தனையோ தடவை அந்தக் கல்லில் சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்தோம். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வருவேன். ஏதாவது ஜோக் சொல்லிவிட்டுப் போவேன். ஒரு தை மாதக் காலையில் ஆட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எனக்குச் செய்தி வந்தபோது நான் ஒரு கூட்டத்தில், பருவநிலையைப் பற்றித்தான், பேசிக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

போன வாரம் இந்த வருடத்துப் பட்டியல் வந்தது. இந்த வருடமும் ஆடி ஏமாற்றியது. பிறகு புரட்டாசியில் மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போனது. நாலு காட்டில் உங்கள் காடு மறுபடியும் வந்திருக்கிறது. அக்காதான் ஆள் வைத்துக் கடலை போட்டிருக்கிறார். நேற்று வந்து, சொல்ல வேண்டிய மூன்று விஷயத்தையும் வரிசையாகச் சொன்னேன். இப்போதெல்லாம் எந்த ஊரில் எந்தக் காடு வந்தாலும் அப்படித்தான். மூன்றையும் சொல்லி, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகுதான் டீயைக் கையில் வாங்குகிறேன்.

அக்கா கேட்டுக்கொண்டு தலையாட்டினார். அதோடு கிளம்பியிருக்கலாம். என்னவோ வாய் திறந்துவிட்டது. அன்றைக்கு டேங்கர் தண்ணீர் விட்டதற்குக் காரணம் நான்தான், விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னேன், அவர் நிஜமென்று எடுத்துக்கொண்டுவிட்டார் என்றேன். அக்கா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“இஸ்திரி போடச் சொன்னதுங்களா? அன்னைக்குச் சாயங்காலமே சொன்னாருங்க. சார் வெளையாட்டுப் பேச்சுப் பேசீட்டுப் போறாருன்னு சிரிச்சாரு.”

வெளையாட்டு என்று தெரியுமா? அப்புறம் ஏன், அக்கா, அவர் லாரிக்குச் சொன்னார் என்று கேட்டேன்.

“கூட்டத்துல உங்கள அந்தப் பெரிய ஆபீசரு வஞ்சாரு இல்லீங்களா? அது அவியளுக்கு மனசே ஆறலீங்க. ‘அந்தாளுங் கூட வருவாரு புள்ளே, ஒரு காடாச்சும் பச்சையா இருந்தா நம்ம சாரு தலை நிமுந்து நிப்பாரு’ன்னு போனப் போட்டுட்டாரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேட்டாத்தானுங்க?”

அண்ணா, இந்த மடலில் அந்தக் கூட்டத்தை நான் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன். அந்த வருடம் பட்டியல் வருவதற்கு ஒரு மாதம் முன்னால், உங்கள் ஊர்க் கோயில் திடலில் விவசாயிகள் கூட்டம். மேலதிகாரி மைக்கில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். திட்டமெல்லாம் கொடுத்திருக்கிறோம், உங்க ஏரியாவில் பச்சையாக ஒரே ஒரு காட்டைக் காட்டுங்க பார்க்கலாம் என்றார். எல்லார் முன்னாலும். நான் மைக்கை வாங்கி, சார், என் சட்டை பச்சைதாங்க என்றேன். திடல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். கடைசி வரிசையில் ஓர் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. பார்த்தேன், பார்க்காததுபோல உட்கார்ந்துவிட்டேன்.

பரிசோதனை நாளில் அந்த அதிகாரி வரவேயில்லை. யாருக்காக அத்தனை லாரித் தண்ணீரோ அவர் வரவில்லை. வேலாமரத்தடியில் நான் அத்தனை விளக்கம் சொன்னபோதுகூட, உங்களுக்காகத்தானே விட்டேன் என்று நீங்கள் சொல்லவில்லை. வாசல் கூட்டுகிற மாதிரி என்றீர்கள். என் அறிக்கையைப் படித்த பிறகும் சொல்லவில்லை. அறியாமை என்று நான் எழுதியதை ஒப்புக்கொண்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். இத்தனை வருடம் என் ஜோக் செய்த கேடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலும்கூட எனக்கு ஒரு பெருமை இருந்திருக்கிறது பாருங்கள்.

அக்கா காட்டுக்குக் கூட்டிப் போனார். செடி முட்டளவுகூட வரவில்லை. புரட்டாசி மழைக்குப் பின் இறுகிய மண், அதன்மேல் மஞ்சளாக நாலு இலை.

“இந்த வருசம் தண்ணி கிண்ணி ஒன்னும் உடுலீங்க சார். காஞ்சுதான் கெடக்குது. கூட வர்றவங்க முன்னால உங்களுக்குச் சங்கடமாயிருக்குமுங்களா?” என்று கேட்டார்.

இல்லை அக்கா என்றேன்.

வியாழக்கிழமை பரிசோதனை. இந்த முறை மேலதிகாரியும் கட்டாயம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; ஆள் மாறிவிட்டார், மைக் பழக்கம் மாறவில்லை என்று கேள்வி. வரட்டும். ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லி, உங்கள் வரப்பில் எல்லாருக்கும் முன்னால் நான்தான் நடப்பேன். யார் ஏரியா இது என்று கேட்டால், என்னுடையது என்று அந்தக் காய்ந்த காட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். சிரிக்க வைக்காமல் சொல்வேன்.